குட்டிகளைக் கழுவிய வருஷம்

போன மாதம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் இருக்கிற சின்ன செம்மறிப் பண்ணையில் இருபத்து நான்கு வருஷம் குட்டி பார்க்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்த ஆறு பெண்களுக்குப் பயிற்சி வகுப்பு, நீங்களும் வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். கொட்டகைக்கு வெளியே ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, சமோசா, டீ. சால்வையும் நல்ல சால்வைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்மேல்தான். சுந்தரேசன் சார், ஒரு காலத்தில் இந்தப் பண்ணையின் மேனேஜர். இப்போது திருநின்றவூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அன்றைக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். மைக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இங்க முன்னாடி வேலை செஞ்சவங்க, பாவம், அறியாமையில பொறந்த குட்டியைத் தண்ணியில கழுவிடுவாங்க. வாசனை போயிடும். தாய் சேத்துக்காது, குட்டி செத்துடும். அந்தப் பழக்கத்தை நான்தான் நிறுத்தினேன். இதோ எஸ்தரம்மா உக்காந்திருக்காங்க, அவங்களுக்கே தெரியும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புதுப் பெண்கள் லேசாகச் சிரித்தார்கள். அதில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் முறை வந்தபோது "எல்லாரும் நல்லா வேல செய்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தோளில் சால்வை இருக்கும்போது சண்டை போட வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அங்கே கொடுத்த துண்டுப் பிரசுரத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஏழாவது வரியில் இப்படி அச்சடித்திருந்தார்கள்: 'தாய்மை குணம் இல்லாத ஆடுகளை உடனே கழித்துவிடவும். எங்கள் பண்ணையின் பழைய பதிவேடுகளில் இதற்கான சான்று உண்டு.' அந்தப் பதிவேட்டை எழுதியது நான். அந்தச் சான்று என் கையெழுத்து. அந்த வரி பொய். ஆகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. மாதர்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். கழனியெல்லாம் கம்பெனிச் சுற்றுச்சுவருக்குள் போன பிறகு, வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் ஒப்பந்தக் கூலிக்குப் போனார், நான் பண்ணைக்கு வந்தேன். எட்டாவது வரை படித்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பதால் பதிவேடும் என் தலையில் விழுந்தது. கூட வேலை செய்தவள் நாகம்மா, எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். பால் குடிக்காமல் அடம் பிடிக்கிற குட்டியை மடியில் போட்டுக்கொண்டு "குடி நைனா, கொஞ்சம் குடி நைனா" என்று அவள் கெஞ்சினால் குட்டி குடித்துவிடும். தொழிலைப் பாதி அவளிடமும் பாதி ஆட்டிடமும் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கும் ஒரு மூடப் பழக்கம் இருந்தது. நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் குட்டியைக் காம்பில் விடமாட்டோம், விட்டால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள். சீம்பால் குடிக்க வேண்டிய நேரத்தில் குட்டி பசியில் சுருண்டு கிடக்கும். அரசு மருந்தகத்திலிருந்து வந்த ஒருவர் அது தப்பு என்று சொன்னார். விட்டுப் பார்த்தோம், குட்டிகள் பிழைத்தன. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டோம். அதுவரை செத்த குட்டிகளுக்கு நாங்கள்தான் காரணம் என்று நாகம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் தப்பை எங்கள் தப்பு என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆடு ஈனுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஆடு சிவப்பு. பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். நேரம் நெருங்கினால் தீனியை விட்டு மூலைக்குப் போகும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும். பனிக்குடம் உடைந்த பிறகு இரண்டு முன்னங்குளம்பும் அவற்றின்மேல் வைத்த மாதிரி மூக்கும் தெரிந்தால் சும்மா நிற்க வேண்டும். நம் வேலை குட்டி கீழே விழுந்த பிறகுதான். மூக்கிலும் வாயிலும் இருக்கிற சளியை விரலால் எடுத்து, ஒரு வைக்கோல் துரும்பால் மூக்கைக் கிண்ட வேண்டும். தும்மினால் மூச்சு வந்துவிட்டது. அப்படியே தூக்கித் தாயின் வாய்க்கு நேராக வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அதற்கு மேல் நடப்பதுதான் முக்கியம். ஆடு நக்க ஆரம்பிக்கும். நக்கும்போது வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போடும். வேறு எப்போதும் அந்தச் சத்தம் வராது, குட்டி போட்ட நேரத்தில்தான் வரும். குட்டிமேல் இருக்கிற கொழகொழப்பை நக்கி நக்கித்தான் இது என் குட்டி என்று அது தெரிந்துகொள்கிறது. செம்மறிக்கு முதலில் கண் அடையாளம் கிடையாது, மூக்கு அடையாளம்தான். குட்டி எழுந்து தள்ளாடி மடிக்கு வரும்போது தாய் அதன் வாலடியை முகர்ந்து பார்க்கும். நாம் போய்க் காம்பை இரண்டு பீச்சுப் பீச்சி அடைப்பை எடுத்துவிட்டால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தால் சூடாக இருக்க வேண்டும். தாய்க்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வெல்லமும் தவிடும் கரைத்து வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போவோம்.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் போனது. தாய் குட்டியைச் சேர்க்காத சங்கதி ஒரு பருவத்துக்கு ஒன்று நடந்தால் அதிகம், அதுவும் முதல் குட்டி போடுகிற தலையீத்து ஆட்டில்தான். ஆட்டைக் கழியில் கட்டி, நஞ்சுக்கொடியைக் குட்டிமேல் தடவிக் காட்டுவோம். அதற்கும் படியாவிட்டால் பட்டி நாயைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவோம். நாயைப் பார்த்ததும் ஆடு காலால் தரையை உதைத்துக்கொண்டு குட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். அதன் பிறகு சேர்த்துக்கொள்ளும்.

சுந்தரேசன் சார் பதின்மூன்றாவது வருஷம் வந்தார். அதற்கு முன் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பண்ணை முதலாளி சென்னையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்றபடி எல்லாம் சார்தான்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. 'வா, போ' கிடையாது. எங்களுக்குக் கையுறை, ரப்பர் பூட்ஸ், வாரத்துக்கு ஒரு சோப்பு கொடுத்தார். தொப்புள்கொடியில் டிஞ்சர் தொடச் சொன்னார். அது சரியான காரியம். அதற்கு முன் நாங்கள் சாம்பல் வைப்போம், சில குட்டிக்கு மூட்டு வீங்கும். டிஞ்சர் வந்த பிறகு அந்த வீக்கம் நின்றது. நல்லதை நல்லது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கொட்டகையைக் கம்பெனி என்று நினைத்துவிட்டார். கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எட்டு ஸ்டெப் எழுதிவைத்தார். குட்டி விழுந்ததும் துணியில் பிடி. தாய் நக்குவதற்கு முன் எடுத்துவிடு, தாயின் வாயில் கிருமி இருக்கிறது. கழுவும் அறைக்குக் கொண்டுபோய் வெந்நீரில் மருந்து ஊற்றிக் கழுவு. பிறகு துடைத்துப் பல்புக்கு அடியில் காயவைத்து, டிஞ்சர் தொட்டு, எடை போட்டு, காதில் நம்பர் வில்லை மாட்டி, போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிய பிறகுதான் தாயிடம் விட வேண்டும். எட்டும் முடிய ஒரு மணிக்கு மேல் ஆகும். ஆட்டுக்குப் பேர் வைத்துக் கூப்பிடக் கூடாது, நம்பர்தான்.

எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். இருந்தும் முதல் சில நாள் எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் அம்மா கொண்டுபோன கீரைக்கட்டைத் தண்ணீர் தெளித்து வாங்கியவர்கள் இருந்த ஊர் எங்களுடையது. ஷேர் ஆட்டோவில் நான் ஏறினால் ஆட்டு வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார்கள். வெள்ளைக் கையுறையும் மருந்து வாசனையும் எனக்குக் கௌரவமாகத் தெரிந்தது. சுத்தம் என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேச எங்களுக்கு நா எழாது. நாகம்மாதான் முதல் குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாக்கா இது, குட்டி மேல ஆஸ்பத்திரி வாசன அடிக்கிது. ஆத்தா எப்டி சேத்துக்கும்?"

சேர்க்கவில்லை. முதல் வாரத்திலேயே மூன்று ஆடு முட்டித் தள்ளியது. சாரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், கழுவறதாலதான் சார் சேக்கமாட்டேங்குது."

"கழுவாம விட்டுப் பாத்தீங்களா எஸ்தரம்மா? டேட்டா இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா கழுவாமதான் சார் விட்டுக்கினு இருந்தோம்."

"அது டேட்டா இல்லம்மா. பழக்கம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஒரு பேட்ச்ல சில பீஸ் டிஃபெக்ட் இருக்கத்தான் செய்யும். டிஃபெக்டை எடுத்துட்டா லைன் நல்லா ஓடும். எந்தெந்த ஆடு சேக்கலன்னு நம்பர் போட்டு எழுதுங்க."

பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். அதில் என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார். 'தாய் ஏற்கவில்லை.' அப்படி எழுதப்பட்ட ஆடு அடுத்த செவ்வாய்க்கிழமை கறிக்கடை வேனில் ஏறும்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். எங்களைப் போலக் கீழே வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. சார் காலையில் நாஷ்டாவுக்குப் போகிற அரை மணி நேரத்தில், நஞ்சுக்கொடியைப் புதைக்காமல் ஒரு வாளியில் போட்டுச் சாக்கால் மூடி வைத்திருந்து, கழுவிய குட்டிமேல் தடவித் தாயிடம் விட்டோம். பல ஆடுகள் சேர்த்துக்கொண்டன. சாரிடம் சொல்லவில்லை. குட்டி பிழைத்தால் போதும் என்று நினைத்தோம். அவர் வந்து பார்ப்பார், குட்டி மடியில் முட்டிக்கொண்டிருக்கும். "பாத்தீங்களா, கழுவின குட்டியைத்தான் சேத்திருக்கு" என்று எழுதிக்கொள்வார். நாங்கள் திருட்டுத்தனமாகக் காப்பாற்றிய ஒவ்வொரு குட்டியும் அவர் முறை சரி என்பதற்குச் சாட்சி ஆனது. தடவ முடியாமல் போன ஆடுகள் மட்டும் கெட்ட தாய் ஆயின. மேலே இருப்பவர் தப்பை நாம் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே இருந்தால் அவருக்கு அது தப்பு என்று எந்தக் காலத்தில் தெரியும்?

நாற்பத்தேழாம் நம்பர் ஆட்டின் காது சின்ன வயசில் முள்வேலியில் கிழிந்திருந்தது. நாகம்மா அதைக் கிழிகாதி என்று கூப்பிடுவாள். நான்கு ஈத்து பார்த்த ஆடு. தாயில்லாத குட்டி வந்து மடியில் வாய் வைத்தால்கூட உதைக்காமல் நிற்கும். கிழிகாதிக்கு ஐந்தாவது ஈத்து கார்த்திகை மழையில் வந்தது. இரும்புக் கம்பெனியில் எட்டு மணிச் சங்கு ஊதி முடித்த நேரம். அன்றைக்குப் பார்த்துப் பதினொரு மணிக்கு முதலாளி சென்னையிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. சார் கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

முதல் குட்டி விழுந்தது. கிழிகாதி தலையைத் திருப்பி ஒரு தடவை நக்கினாள். அந்தச் சத்தத்தைப் போட்டாள். "எடுங்க" என்றார் சார். எடுத்தேன். அவள் படுத்திருந்தவள் எழுந்துவிட்டாள். வயிற்றில் இன்னொரு குட்டி இருந்தது. அதன் குளம்பு வெளியே தெரிய, அப்படியே என் பின்னால் தட்டி வரைக்கும் நடந்து வந்தாள். நின்றபடியே இரண்டாவது குட்டி கீழே விழுந்தது. அதை நாகம்மா எடுத்தாள். இரண்டையும் கழுவினோம்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கொண்டுபோய் விட்டபோது கிழிகாதி ஓடி வந்தாள். வாலடியை முகர்ந்தாள், தும்மினாள், விலகினாள். குட்டி பின்னாலேயே போனபோது தலையால் முட்டித் தள்ளினாள். தள்ளிவிட்டுக் கழுவும் அறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

சார் நாஷ்டாவுக்குப் போனார். சாக்கை எடுத்தோம். சின்ன குட்டிமேல் முதலில் தடவினோம். கால், முதுகு, வாலடி எல்லாம் தடவினோம். நாகம்மா அதைத் தாய்க்கு முன்னால் வைத்தாள். கிழிகாதி முகர்ந்தாள். இந்த முறை தும்மவில்லை. தொண்டைக்குள் அந்தச் சத்தம் வந்தது. நக்க ஆரம்பித்தாள். நாகம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்து பெரிய குட்டிக்கும் தடவினோம்.

மழை வலுத்ததால் சார் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். நம்பர் மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பிய குட்டிமேல் ரத்தமும் கொழகொழப்பும். அவர் முகம் சுருங்கியது. அப்போதும் சத்தம் போடவில்லை.

"எஸ்தரம்மா, எட்டு ஸ்டெப்ல இது எத்தனாவது ஸ்டெப்?"

நாகம்மா பேசினாள். "சார், ஆத்தா சேத்துக்கினு கீது சார். நக்குது பாரு சார். ஒரு அஞ்சு நிமிஷம் உடு சார்."

"பதினோரு மணிக்கு விருந்தாளிங்க வராங்க. கழுவிக் கொண்டாங்க."

"வோணாம் சார். இப்ப கழுவுனா செத்துப்பூடும்."

"நான் எஸ்தரம்மாகிட்ட சொல்றேன்."

அந்த மாதம் என் வீட்டுக்காரர் கம்பெனியில் கை ஒடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் ஒருத்தி வேலையில்தான் அடுப்பு எரிந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நக்கிக்கொண்டிருந்த தாயின் வாயிலிருந்து சின்ன குட்டியைப் பிடுங்கினேன். அதன் முதுகில் அவள் எச்சில் இன்னும் காயவில்லை. இரண்டு குட்டியையும் கொண்டுபோய் மருந்துத் தண்ணீரில் இரண்டாம் தடவை கழுவினேன். கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவினேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். குட்டிகளை மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க" என்று ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார். அவர்கள் போன பிறகு குட்டிகளைத் தாயிடம் விட்டோம். கிழிகாதிக்கு அதற்குள் என்ன ஆயிற்றோ, சின்ன குட்டி மடிக்கு வந்ததும் ஓடி வந்து முட்டினாள். அது பறந்து போய்க் கல்தூணில் மோதியது. ஒரு மணிச் சங்கு ஊதுவதற்குள் செத்துவிட்டது. வாளியில் மிச்சம் எதுவும் இல்லை. சார் புதைக்கச் சொல்லிவிட்டார். பெரிய குட்டியை நாகம்மா தூக்கிக்கொண்டுபோய், கிழிகாதியின் சீம்பாலையே பீச்சிப் பாட்டிலில் கொடுத்துப் பிழைக்கவைத்தாள்.

சார் பதிவேட்டை எடுத்து வந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குட்டிக்கு: 'தாய் ஏற்கவில்லை.' தாய்க்கு: 'தாய்மை குணம் இல்லை. கழிக்கவும்.'

செவ்வாய்க்கிழமை வேன் வர மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் கிழிகாதி தீனி தின்னவில்லை. அவள் வேனில் ஏறும்போது இரண்டு காம்பிலிருந்தும் பால் சொட்டிக்கொண்டிருந்தது. நாகம்மா வேன்காரன் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "இதுக்கா தாய்க் கொணம் இல்ல? எழுதினவங்க கை வெளங்குமா?" எழுதினவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் அப்படிப் போனது ஒன்பது ஆடு.

ஒரு மாதம் கழித்துத் தடுப்பூசி போட ஒரு டாக்டரம்மா வந்தார். சுவரில் இருந்த எட்டு ஸ்டெப்பைப் படித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"பொறந்த குட்டியை மருந்து போட்டுக் கழுவுறீங்களா? யார் சொன்னது? நக்க விடாம எடுத்தா தாய்க்கு எப்படிங்க அடையாளம் தெரியும்?"

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். சார் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"எழுதினது சும்மா ஒரு மாடல்தான் மேடம். இவங்கதான் ஆர்வக்கோளாறுல எல்லாத்தையும் கழுவிடுறாங்க. நானும் சொல்லிப் பாத்துட்டேன். என்ன எஸ்தரம்மா?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஆனால் என் கோபத்தில் பாதி அவர்மேல் இல்லை. அவர் 'என்ன எஸ்தரம்மா' என்று கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். நாகம்மா என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக, ஆடு மூக்கால்தான் குட்டியை அடையாளம் பார்க்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சுவரில் வெள்ளை அடித்திருந்தது. கழுவும் அறையில் தீவன மூட்டை அடுக்கினோம். கழுவ வேண்டாம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, தப்பு நடந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. குட்டிகள் பழையபடி தாயிடம் சேர்ந்தன. பதிவேட்டில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாகம்மா அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தாள். என்னோடு பேசினாள், சிரித்தாள், ஆனால் என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எஸ்தரம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

போன வாரம் பண்ணைக்குப் போனேன். இப்போது நிர்வாகம் பார்ப்பது முதலாளியின் மருமகன். நல்ல பிள்ளை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பழைய பதிவேடு வேண்டும், ஒன்பது இடத்தில் திருத்த வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சும்மா."

"கம்ப்யூட்டர்ல மாத்துங்க தம்பி."

"பழைய வருஷம்லாம் லாக் ஆயிடுச்சும்மா. இப்ப எதுக்கும்மா அது? செத்த ஆடுதானே."

"செத்த ஆட்ட வச்சுத்தான உயிரோட இருக்கிற ஆட்ட வேன்ல ஏத்தச் சொல்லி அச்சடிச்சிருக்கீங்க?"

அடுத்த தடவை அச்சடிக்கும்போது பார்க்கலாம் என்றார். பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நேராகக் கொட்டகைக்குப் போய் ஆறு பெண்களையும் உட்காரவைத்து, இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். ஆடு சேர்க்கவில்லை என்றால் ஆட்டைப் பார்க்காதீர்கள், அதற்கு முன் ஒரு மணி நேரம் நாம் என்ன செய்தோம் என்று பாருங்கள் என்றேன். நஞ்சைத் தடவிக் காப்பாற்றினால் தடவிக் காப்பாற்றினோம் என்று மேலே சொல்லுங்கள், மறைக்காதீர்கள் என்றேன். அதில் ஒருத்தி, கவரைப்பேட்டைப் பெண், கேட்டாள்: "அன்னிக்கி அவரு பேசும்போதே இத ஏன் ஆன்ட்டி சொல்லல?"

டாக்டரம்மா முன்னால் ஒன்று, ஷாமியானாவுக்கு அடியில் ஒன்று. இரண்டு தடவை வாய் மூடி இருந்தவள் நான். மூன்றாம் தடவை மூடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

லாக் ஆன கம்ப்யூட்டரில் திருத்த முடியாததை இங்கே திருத்துகிறேன். நம்பர் நாற்பத்தேழு, கிழிகாதி. ஐந்தாவது ஈத்து, இரட்டைக் குட்டி, ஒன்று இறந்தது. காரணம்: நாங்கள் கழுவினோம். சொன்னவர் மேனேஜர். கழுவியது எஸ்தர். தாய்மேல் குற்றம் இல்லை.

வேன் வருகிற வரைக்கும் அந்த மூன்று நாளும் கிழிகாதி கழுவும் அறைக் கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டேதான் இருந்தாள். அவள் குட்டியை வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நான் உள்ளே எடுத்துக்கொண்டு போன குட்டியைத்தான் திருப்பிக் கேட்டாள்.